வராத பெயர்

தருமபுரி அறிவியல் கண்காட்சிக்கு ஏழாம் வகுப்பிலிருந்து ஒருத்திதான் போகலாம். எதற்கெடுத்தாலும் தேன்மொழியையே அனுப்புகிறார்கள் என்று கனிஷ்காவுக்கு வயிறு எரிந்தது.

சரளா டீச்சர் டப்பாவைக் குலுக்கினார். "போக ஆசைப்பட்ட நாலு பேரும் காலையில பேரெழுதிப் போட்டீங்கல்ல? ஒரு சீட்டு எடுப்பேன், திரும்பப் போட்டுடுவேன். இருபது தடவை எடுத்தா ஆளுக்கு எத்தனை வரணும்?"

"அஞ்சுங்க டீச்சர்!"

"சுமாரா அஞ்சு. கூடக்கொறைய வரும், அதான் நிகழ்தகவு. யாரு போறான்னு கடைசியில சொல்றேன்."

கரும்பலகையில் கோடுகள் ஏறின. கனிஷ்காவுக்கு எட்டு. மற்ற இருவருக்கும் ஆறு ஆறு. தேன்மொழிக்கு ஒன்றுகூட இல்லை.

"என்னடி, உன் அதிர்ஷ்டம் லீவு போட்டிருச்சா?" என்று சீண்டினாள் கனிஷ்கா. தேன்மொழி தலை குனிந்துகொண்டாள்.

"இருபதுல ஒருக்காகூட வரலைன்னா அது ரொம்ப அபூர்வம்," என்று டீச்சர் வியந்தார். "ஆனா நடக்காதுன்னு சொல்ல முடியாது. யாருக்குக் கொறைவா வருதோ அவளை அனுப்பறதுன்னு நான் முன்னாடியே முடிவு பண்ணிட்டேன். குலுக்கல் கைவிட்டவளுக்கு நாமதானே குடுக்கணும்? தேன்மொழி, நீ கெளம்பு!"

கனிஷ்கா துள்ளி எழுந்தாள். "இது செல்லாதுங்க டீச்சர்!"

"ஏன் செல்லாது?"

டப்பாவில் மூன்று சீட்டுகள்தான் இருக்கின்றன என்று சொன்னால் போதும். ஆனால் அது உனக்கெப்படித் தெரியும் என்று கேட்பார்களே! இன்டர்வெல்லில் தேன்மொழியின் சீட்டை எடுத்துக் கிழித்தெறிந்தவள் அவளேதான்.

"ஒண்ணுமில்லீங்க டீச்சர்."

வகுப்பே கைதட்டியது. கனிஷ்காவும் தட்டினாள்.