குளிராத கார்

“ஏசி மட்டும் ஜில்லுனு வந்துட்டா, இன்னைக்கே வண்டிய எடுத்துக்கறேம்மா” என்றார் கார் வாங்க வந்தவர்.

அம்மா தலையாட்டினாள். கைப்பையை இன்னொரு தோளுக்கு மாற்றிக்கொண்டாள்.

கணவர் போன பிறகு கார் ஷெட்டிலேயே நின்றது. ஓட்ட ஆளில்லாமல் கிடக்கிறதே என்று ஒருநாள் பேச்சோடு பேச்சாகச் சொன்னது அவள்தான். அந்த வாரமே மகன் விளம்பரம் கொடுத்துவிட்டான். பிள்ளைக்கு விற்க ஆசை போலிருக்கிறது என்று அவளும் வாயைத் திறக்கவில்லை. ஆனால் அவர் சாய்த்து உட்கார்ந்த சீட்டை இன்னும் யாரும் நிமிர்த்தக்கூட இல்லை. வண்டி போனால், அவரே இன்னொரு தடவை வாசலைத் தாண்டிப் போகிற மாதிரி இருக்கும்.

அதனால்தான் காலையில் மகன் குளிக்கப் போன நேரம் பார்த்து, பானெட்டைத் திறந்து, ஏசி ரிலேயைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டாள். அவர் வண்டியைக் குடையும்போதெல்லாம் டார்ச் பிடித்தவள். அந்தக் கறுப்புக் கட்டி எங்கே இருக்கும் என்று அவளுக்கா தெரியாது?

ஒர்க்‌ஷாப்பில் மெக்கானிக் ஏசியைப் போட்டார். காற்று வந்தது, குளிர் வரவில்லை.

மகன் குறுக்கே புகுந்தான். பழைய வண்டி, கேஸ் இறங்கியிருக்கும், அதை மட்டும் பார்த்தால் போதும், ஒயரையெல்லாம் நோண்ட வேண்டாம் என்றான். தள்ளிவிடுவதில்தான் எத்தனை அவசரம் என்று நினைத்துக்கொண்டாள் அம்மா.

மெக்கானிக் காதில் வாங்கினால்தானே? மீட்டரை மாட்டிப் பார்த்தார். கேஸ் சரியாகவே இருந்தது. அடுத்து ஃபியூஸ் பெட்டியைத் திறந்தவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“கம்ப்ரசருக்குக் கரண்ட் விடற ரிலேயவே காணோம். எலி தூக்கிட்டுப் போச்சாம்மா?”

அம்மா கைப்பையை இறுக்கிக்கொண்டாள். ஹாரனுக்கும் அதே ரிலேதான் என்று சொல்லிக்கொண்டே, அதைக் கழற்றிக் காலி இடத்தில் செருகினார் மெக்கானிக். அவ்வளவுதான், முடிந்தது. அம்மா கண்ணை மூடிக்கொண்டாள்.

வாங்க வந்தவர் உள்ளே உட்கார்ந்து கையை நீட்டிப் பார்த்தார். அதே வெதுவெதுப்பான காற்று. கம்ப்ரசர் ஓட ஆரம்பிக்கும்போது கேட்கிற ‘டக்’ சத்தமே இல்லை.

அம்மா கண்ணைத் திறந்தாள். அவள் எடுத்தது அந்த ஒன்றைத்தானே?

அப்படியென்றால் கம்ப்ரசரே போய்விட்டதா என்று கேட்டார் வாங்க வந்தவர். மெக்கானிக் வண்டிக்கு அடியில் நுழைந்தார். கொஞ்ச நேரம் கழித்துக் குரல் மட்டும் வந்தது.

“கம்ப்ரசர் நல்லா கல்லு மாதிரி இருக்கு. அதுக்கு வர்ற ஒயரைத்தான் யாரோ கழட்டி விட்டிருக்காங்க. தூசி படாம முனையில டேப் சுத்தி, பத்திரமா மடிச்சுக் கட்டியிருக்காங்க. மாட்டிடட்டுமா தம்பி?”

“வேணாண்ணே, நான்தான் கழட்டினேன்” என்றான் மகன், அம்மாவின் முகத்தைப் பார்க்காமல். “வித்துட்டா அம்மாவுக்கு நிம்மதியா இருக்கும்னு நெனச்சேன். எனக்குத்தான் மனசு வரல.”