ஐந்து விபத்துகள், ஒரு கீறல்கூட இல்லை

"நெஞ்சு கிஞ்சு வலிக்குதுங்களா?" என்று நேற்று மைக்கில் கேட்டிருந்தாள் நிறைமதி.

"குண்டுக்கல்லாட்டம் இருக்கறேனுங்க. உங்க கேமராவுக்குத்தான் கண்ணு கெட்டுப்போச்சு," என்று சிரித்தான் லாரி ஓட்டும் நவநீதன்.

ஓட்டுநரின் இதயத்துடிப்பையும் அளக்கும் லாரிக் கேமரா, அது பதறினால் அந்த நிமிடத்தை விபத்தாகவே பதிவுசெய்து அனுப்பிவிடும். சங்ககிரி அலுவலகத்தில் உட்கார்ந்து ஓட்டுநர்களோடு பேசுவதும், ஒவ்வொரு பதிவுக்கும் காரணம் எழுதுவதும் நிறைமதியின் வேலை. இந்த மாதம் நவநீதன் பெயரில் ஐந்து விபத்துகள். இன்று பன்னிரண்டு மணிக்குள் காரணம் எழுதாவிட்டால், இதய நோயாளி என்று அவன் உரிமம் பறிபோய்விடும்.

ஐந்தையும் மறுபடி ஓட்டிப் பார்த்தாள். வெறும் சாலை, குறுக்கே ஒரு மாடுகூட இல்லை. சலித்துப்போய், எப்போதும் அணைத்தே வைத்திருக்கும் பதிவின் ஒலியைத் திறந்தாள்.

ஐந்திலும் ஒரே குரல். "வணக்கங்க, சாப்பிட்டீங்களா?"

அவளுடைய குரல்!

நிறைமதிக்குக் காதுமடல் சுட்டது. அவன் முகத்தை அவள் தினமும் திரையில் பார்க்கிறாள். அவன் அவளைப் பார்த்ததே இல்லை. ஒரு வருடமாக அவனிடம் கேட்க நினைத்து விழுங்கிக்கொண்டே இருந்தது இப்போது தொண்டை வரை வந்துவிட்டது. 'நோய் இல்லை. காரணம் நான்தான்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பினாள். பிறகு மைக்கை இழுத்தாள்.

"வண்டிய ஓரங்கட்டுங்க."

"எதுக்குங்க?"

"ஆறாவது விபத்து ஆயிரக்கூடாதுங்க."

பிரேக் கிறீச்சிட்டது. "நிறுத்திட்டேனுங்க. சொல்லுங்க."

"வர்ற ஞாயித்துக்கிழமை உங்கம்மாவக் கூட்டிக்கிட்டு, எங்க வீட்டுக்குப் பொண்ணு பாக்க வாங்க."