கோமளாவின் அடியில் ஒரு குடித்தனம்

கோமளா என்ற பாய்மரப் படகிலேயே குடும்பம் நடத்திய தேவசகாயம், அயல்நாட்டுத் துறைமுகம் ஒன்றில் நங்கூரம் போட்டதும் உளியோடு தண்ணீரில் குதித்தார். படகின் அடியில் ஒட்டியிருக்கும் சிப்பிகளைச் சுரண்டுவது அவருக்கு ஊருக்கு ஊர் உள்ள வேலை.

கடைசியில் ஒரே ஒரு கிழட்டுச் சிப்பிதான் மிஞ்சியது.

"அக்கா, என் கதை முடிஞ்சுது" என்றது படகிடம்.

"உன் கதை மட்டுமாடா? நீ உட்கார்ந்திருப்பதே என் ஓட்டையில்தான்! நீ பெயர்ந்தால் நான் மூழ்கிடுவேன். விடாதே!" என்று அலறியது கோமளா.

சிப்பி பிடித்தது பாருங்கள் ஒரு பிடி, உளியே வளைந்துவிட்டது! தேவசகாயம் காலை ஊன்றி நெம்பினார். சிப்பி ஒரு நூல்தான் அசைந்தது.

"ஐயோ, தோசைக்கல்லுக்குள்ள கடல் வருதுங்க!"

மேலே மனைவி ரோஸ்லின் போட்ட சத்தம் கடலடி வரை கேட்டது. தேவசகாயம் பதறிப்போய்ச் சிப்பியைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு, "சாமி, போயிடாதே!" என்று குமிழி குமிழியாகக் கெஞ்சினார். பிறகு அதன் வாயை மட்டும் விட்டுச் சுற்றிலும் பசை பூசினார்.

அடுத்த துறைமுகத்தில் அவர் மெல்லிய துணியோடு இறங்கினார்.

"வாங்க முதலாளி" என்றது சிப்பி. "முதுகுப் பக்கம் கொஞ்சம் நல்லாத் துடைங்க."

அவரும் துடைத்தார்.