படகுக்கார மேயோவின் முகம்

மற்றவர்கள் வருவதற்குள் வந்துவிட வேண்டும் என்று விடியலிலேயே ஓடிவந்த தெஸ்ஸா, கோயில் சுவரைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள்.

சுவரில் அவள் புருஷன் உட்கார்ந்திருந்தான்.

ஆர்னோ ஆற்றில் ஊரையே அக்கரை சேர்க்கிற படகுக்கார மேயோ. துடுப்பு பட்டு வளைந்த மூக்கு. மூன்று நாள் தாடி. நெற்றியில் புடைத்த அந்த நரம்பு. அவனுக்குப் பின்னால் ஜன்னல், ஜன்னலுக்கு அப்பால் இந்த ஊர் மலையேதான்.

கல்யாணமாகிப் பதினெட்டு வருஷத்தில் அவள்கூட அவனை இப்படி உற்றுப் பார்த்ததில்லை.

இயேசுவின் கடைசி இராவுணவை வரையப் பிளாரன்சிலிருந்து வந்த ஓவியன் தன் எதிரில் உட்காரக் கூப்பிட்டபோது, "படகுக்காரன வேற எதுக்குக் கூப்பிடுவாங்க? மீன்படகு ஓட்டுன பேதுரு நான்தான்" என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தான் மேயோ, பாவம்.

ஓவியனோ அவனை இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாஸாக வரைந்துவிட்டான்.

ஓவியத்தை மறைத்திருந்த படுதாவுக்குள்ளிருந்து அந்தச் செய்தி கசிந்த நாள் முதல், தொப்பியை மூக்குவரை இழுத்துவிட்டுக்கொண்டுதான் துடுப்புப் போடுகிறான்.

நேற்றுப் படுதாவை எடுத்துவிட்டார்கள். இன்று பெரிய வியாழன். இந்த ஊர்ப் பெண்கள் கொண்டை ஊசியோடு வந்து யூதாஸின் கண்ணைச் சுரண்டுகிற நாள்.

எதிர்ச் சுவரில் இருக்கிறானே பழைய ஓவியத்து யூதாஸ், அவன் முகத்தில் மிச்சம் வெறும் சுண்ணாம்புதான். பொன்னாலான வானம், ஒரே அச்சில் வார்த்த பன்னிரண்டு முகங்கள், அவர்கள் காலடியில் தவளை அளவுக்கு அவன். தெஸ்ஸாவும் சின்ன வயதில் எம்பி எம்பிச் சுரண்டியிருக்கிறாள். வலிக்குமோ என்று ஒருநாளும் தோன்றியதில்லை.

இந்த யூதாஸ் மற்றவர்கள் உயரமே இருந்தான். பெஞ்சில் அவன் நிழல் விழுந்திருந்தது.

பின்னால் காலடிச் சத்தம். கசாப்புக்கடை லாப்பா, ஏழெட்டுப் பெண்களோடு.

"என்னடி தெஸ்ஸா, ஒன் பேதுருவ மொதல்ல கும்பிட ஓடியாந்துட்டியா?"

எல்லோரும் சிரித்தார்கள். லாப்பா கொண்டை ஊசியை உருவிக்கொண்டு சுவரை நெருங்கினாள்.

தெஸ்ஸா விலகி வழிவிட்டாள்.

"சொரண்டுக்கா. ஆனா கண்ணப் பாத்துச் சொரண்டு."

லாப்பா ஊசியை ஓங்கினாள். சுவரிலிருந்து மேயோ அவளைப் பார்த்தான்.

போன வருஷத்து வெள்ளத்தில், இடுப்புவலியோடு துடித்தவளை மருத்துவச்சியிடம் அக்கரை சேர்த்தானே, அன்று வழியெல்லாம் அவள் பிடித்துக்கொண்டு வந்தது இந்தக் கண்களைத்தான்.

ஊசி கொண்டைக்கே திரும்பிப் போனது.

"அய்யோ, நம்ம மேயோல்ல இது. எப்படிடி மனசு வரும்?"

அப்புறம் ஒருத்தியும் கை வைக்கவில்லை. கோயில்பிள்ளை மணியடிக்கும்வரை அவனையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். பேதுரு பக்கம் யாரும் திரும்பக்கூட இல்லை.

தெஸ்ஸா தெரு நடுவே நிமிர்ந்து நடந்து வீட்டுக்கு வந்தாள். துறைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த மேயோவின் தலையிலிருந்து தொப்பியைப் பிடுங்கினாள்.

அப்போதுதான், விடியலிலிருந்து இறுக்கி மூடியிருந்த வலது கையைத் திறந்தாள். உள்ளங்கையில் விரல் நீள ஆணி. முனை குத்திய இடத்தில் ரத்தம்.

ஊர் பார்ப்பதற்குள் அந்த முகத்தைத் தானே சுரண்டிவிடலாம் என்று எடுத்துப்போன ஆணி.

வாசல் கதவருகே சுவரில் அதை வைத்து, கல்லால் ஓங்கி அடித்தாள்.

"தொப்பிய இதுல மாட்டுய்யா. இனிமே மூஞ்சி தெரியப் படகு ஓட்டு."