தினமும் மொய் விருந்து

நாட்டுக் காவலுக்கென்று விற்பனை வரியை ஏற்றிய நாளிலிருந்து, கீரமங்கலத்தில் இருளப்பனின் பரோட்டாக் கடையில் வரித்துறை வைத்த பில் பெட்டி பேச ஆரம்பித்தது. ஒவ்வொரு பில்லுக்கும், "நன்றி! உங்கள் வரியில் வீரர்களுக்குப் பூட்ஸ்" என்று கொஞ்சும். வரி மேலும் ஏற ஏற அதன் குரலும் இனித்தது.

அவருடைய மகன் தர்ஷன் பனிமலையில் காவலுக்கு நின்றான். போன வாரம் போனில் சொன்னான்: "புது பூட்ஸ் இன்னும் வரலப்பா. பிஞ்சதைச் சாக்குக் கயித்தால கட்டிருக்கேன். ரெண்டு விரல் மரத்துப் போச்சு."

மறுநாளே இருளப்பன் பெட்டியின் ஒயரைப் பிடுங்கினார். விலைப்பலகையைக் கவிழ்த்துப் போட்டுவிட்டு வாசலில் வாழைமரம் கட்டி, மொய் விருந்து என்று எழுதி வைத்தார். சாப்பிட்டவர்கள் இஷ்டப்பட்டதை அண்டாவில் போட்டார்கள், அவர் மகனுக்குப் பூட்ஸ் வாங்க.

வரி அதிகாரி வந்துவிட்டார். "விற்பனை வரி எங்க பெரியவரே?"

"விக்கவே இல்லையே சார். விருந்துல்ல போடுறேன்."

"ஆடி மாசம் ஒரு தடவை வைப்பாங்க. தினமுமா மொய் விருந்து?"

"எம்மவன் காலு ஆடி மாசம் மட்டுமா வெறைக்குது?"

"பூட்ஸுக்குத்தானய்யா வரியே வாங்குறோம்!"

"உங்க பெட்டி ஆயிரம் பூட்ஸ் பேசிருச்சு. ஒண்ணுகூட மலை ஏறல. என் அண்டாவுக்குப் பேசத் தெரியாது, ஆனா நாளைக்குப் பார்சல் போகுது."

இருளப்பன் இலையை விரித்தார்.

"உக்காருங்க. மொய் வைக்காமத் தப்பிச்சுரலாம்னு நின்னுக்கிட்டே இருக்காதீங்க."