விழுந்தா எவ்வளவு?

"இந்தப் பங்கு விழுந்தா எவ்வளவு விழும் தம்பி?" முதல்முறையாக முதலீடு செய்ய வந்த அக்கா கேட்டாள்.

"பாதிகூடப் போகலாம்க்கா. ஆனா டெபாசிட்டைவிட லாபம் அதிகம்," என்றான் முதலீட்டு ஆலோசகன்.

"அப்போ இதுல பாதி, டெபாசிட்ல பாதி போடுங்க."

"இப்படிப் பயந்தா எப்பக்கா சம்பாதிக்கிறது?"

"இருபது வருஷமா பயந்து பயந்துதான் சம்பாதிக்கிறேன்."

அப்படி என்ன உத்தியோகமாம்? அந்தக் கேள்வி அவன் மண்டையைக் குடைந்தது.

கையெழுத்துப் போட்டதும் அக்கா ஜன்னலைத் திறந்தாள். வெளியே இரண்டு கயிறுகள் தொங்கின. பையிலிருந்த பாதுகாப்புப் பட்டையை இடுப்பில் கட்டி, இரண்டையும் இழுத்துப் பார்த்து மாட்டிக்கொண்டு, பதினான்காவது மாடிக்கு வெளியே இறங்கிக் கண்ணாடியைத் துடைக்கத் தொடங்கினாள்.

அவன் நாற்காலியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். "ஒரு... ஒரு கயிறு பத்தாதாக்கா?"

"அறுந்து போகாத வரைக்கும் பத்தும் தம்பி!"