ஏணிக்காலில் ஒரு பெயர்

‘தப்பில்லாம சொல்லிடுங்க. எங்கேயும் தடுமாறிடாதீங்க.’

ஏணிப் பட்டறையின் வாசலில் தேநீர்த் தட்டோடு நின்றவள், மனதுக்குள் கணவனைக் கெஞ்சிக்கொண்டிருந்தாள். காலையிலேயே அவன் சொல்லிவிட்டான்: “இன்னைக்கு ஏதாவது கோளாறாச்சுன்னா, நீ பெட்டியக் கட்டிக்கிட்டு உங்கம்மா வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.”

இரண்டு மாடி உயர ஏணி சுவரில் சாய்ந்திருந்தது. அதன் காலில் கணவனின் பெயர் சுட்டு எழுதப்பட்டிருந்தது. படிகளின் அளவுக்குக் கணக்குப் போட்டவர் பெயர்தான் ஏணியில் இருக்கும். அவர்தான் முதலில் ஏற வேண்டும். மாமனார் வைத்த சட்டம் அது. படி ஒன்று ஒரே ஒரு சென்டிமீட்டர் குறைந்துபோனதால் ஏணியிலிருந்து விழுந்து, நொண்டத் தொடங்கியவர் அவர்.

“அடிப்பக்க அகலம் அறுபது சென்டிமீட்டர், நுனி நாற்பது” என்றார் மாமனார். “கீழேர்ந்து கால்வாசி உயரத்துல இருக்கற படி எவ்வளவு நீளம்? எப்படின்னும் சொல்லு.”

“மூலைக்கு மூலை ஒரு கோடு போட்டா சரிவகம் ரெண்டு முக்கோணமாயிடும்ப்பா. படி, அடிக்கு இணை. அதனால கோணமெல்லாம் சமம். பெரிய முக்கோணத்துக்குள்ள அதே வடிவத்துல ஒரு சின்ன முக்கோணம். மேலேர்ந்து முக்கால் உயரம்னா அகலமும் முக்கால். அறுபதுல நாற்பத்தஞ்சு.”

“அது கோட்டுக்கு இந்தப் பக்கம். அந்தப் பக்கம்?”

அவன் பார்வை வாசலுக்கு வந்தது. அவள் உதடு தானாக அசைந்தது.

“அந்த முக்கோணத்துக்கு முனை கீழ... அதனால கால்வாசி. நாற்பதுல பத்து. மொத்தம் ஐம்பத்தஞ்சு!” என்றான் அவன்.

“வாய்க்குத் தெரிஞ்சா போதாதுடா, காலுக்கும் தெரியணும். ஏறு.”

நான்காவது படியில் அவன் ஏணியை இரு கைகளாலும் கட்டிக்கொண்டு நின்றுவிட்டான். ஏணி கிறீச்சிட்டது.

“இறங்குடா” என்றார் மாமனார்.

அவன் இறங்கியதும் வாசல் பக்கம் திரும்பினார்.

“நீ வாம்மா. ஒன்பது வருஷமா இவன் வாயத் திறக்கறதுக்கு முன்னாடி உன் உதடு அசையறதப் பார்த்துக்கிட்டுதான் இருக்கேன். கணக்குப் போட்டவங்கதானே ஏறணும்?”

எதற்குப் பயந்தாளோ அது நடந்துவிட்டது. தட்டைக் கீழே வைத்தாள். ஏணிக்காலில் கருகியிருந்த எழுத்துகளை விரலால் தடவிப் பார்த்தாள்.

“நான் ஏற மாட்டேன், மாமா” என்றாள் மெதுவாக. “இதுல என் பேர் இல்லையே. யார் பேர் இருக்கோ, அவங்களே ஏறட்டும்.”